கழித்த கால் மணி

எனக்கு எழுத்து ஓடாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் என் பெயரும், கடைக்குப் போகும் சாமான் சீட்டும்தான். ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் வேறெங்கோ போய் நிற்பேன். தேதி மறந்துவிடும். எது முன்னால், எது பின்னால் என்பதும் சில சமயம் புரண்டுவிடும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்து டீச்சர் வீடு வீடாக வந்து, தோட்டத்துப் பெண்கள் ஆளுக்கொன்று எழுதித் தாருங்கள், சொந்த விஷயமாக இருக்கட்டும், புத்தகமாகப் போடுவோம் என்று சொல்லி நோட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அக்கா பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்ததை எழுதுகிறார். எதிர்வீட்டுக்காரி தன் பிரசவத்தை எழுதுகிறாள். நானும் முப்பது வருஷம் மரம் வெட்டினவள்தான். ஆனால் நோட்டைத் திறந்தால் எனக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. அதற்குள் என் மகள் இருக்கிறாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. எனக்கு அவள் ஒருத்திதான். அவளுடைய அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. ரஹாங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கி, சிரம்பானில் ஒரு கடையில் கடிகாரம் பழுது பார்க்கிறாள். நான் லுக்குட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்து லயத்திலேயே இருந்துவிட்டேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், ஆட்கள் டவுனுக்குப் போனார்கள். எங்கள் வரிசையில் இப்போது ஏழு வீட்டில்தான் விளக்கு எரிகிறது.

கடிகார வேலைக்கு வருமுன் அவள் மலேசியாவின் கிழக்குக் கரையில் ஒரு தீவுக்கு விடுதி வேலைக்குப் போயிருந்தாள். மெத்தை விரிப்பு மாற்றப் போனவள், முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் முழுகக் கற்று, அதற்கு லைசென்ஸும் எடுத்துக்கொண்டு வந்தாள். எடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். "முன்னாடியே சொன்னா நீ சோறு திங்க மாட்டேம்மா" என்றாள். அது உண்மை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நீச்சல் தெரியாது. போர்ட்டிக்சன் கடலுக்குப் போனாலும் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு நிற்பதோடு சரி.

கடைக்கு, கடலில் முழுகுகிற ஆட்கள் கட்டும் கனமான கடிகாரங்கள் பழுதுக்கு வரும். பின்மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றித்தான் மூட வேண்டுமாம். மூடியபின் நீர் புகுகிறதா என்று பார்க்க ஒரு இயந்திரம் இருக்கிறது. கடைத் தவுக்கே, முதலாளிதான், அது போதும் என்பார். இவள் போதாது என்பாள்.

"மிஷினுக்குக் கை நடுங்காதும்மா. அதுக்குக் குளிராது. சேத்துல எதுவும் தெரியாம நிக்காது. கீழ ஒருத்தன் இந்த வாட்ச நம்பித்தான் மேல வருவான்."

அதனால் தானே கட்டிக்கொண்டு முழுகிப் பார்ப்பாள். ஈரக் கையுறையோடு வெளி வளையம் திரும்புகிறதா, கலங்கலில் முள் பளபளக்கிறதா, வார் நழுவுகிறதா என்று பார்த்து ஒரு சின்ன நோட்டில் எழுதுவாள். பிறகு புதுசாக விற்பனைக்கு வரும் கடிகாரங்களையும் சில கடைக்காரர்கள் அவளிடம் கொடுத்து, முழுகிப் பார்த்து இணையத்தில் எழுதச் சொன்னார்கள். அவள் எழுதியதை நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்களாம். எனக்கு அது பெருமைதான். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த மாதிரிக் கடிகாரத்தின் முகத்தைச் சுற்றி வெளியே ஒரு வளையம் இருக்கும். முழுகும்போது அதைத் திருப்பி நிமிஷ முள்ளுக்கு நேராக வைத்துக்கொள்வார்கள். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று அதில் தெரியும். அது ஒரு பக்கம்தான் திரும்பும். ஏன் என்று கேட்டேன்.

"கீழ மரத்துல கிரத்துல இடிச்சு வளையம் நகந்துடுச்சுன்னு வையி. அப்பவும் நேரம் அதிகமா ஆயிடுச்சுன்னுதான் காட்டும். கொறச்சுக் காட்டவே காட்டாது. நாம கொஞ்சம் சீக்கிரமா மேல வந்துருவோம். அவ்வளவுதான்."

"நம்ம வீட்டு மணி மாதிரியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அதேதான். பெரட்டு மணி."

வெளியாட்களுக்கு இது தெரியாது, சொல்லிவிடுகிறேன். பெரட்டு என்றால் விடியுமுன் ஆபீஸ் முன்னால் நின்று பேர் கொடுப்பது. பிந்திப் போனால் அன்றைக்கு வெட்ட மர வரிசை, நெரை என்போம், கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் லயத்தில் எல்லா வீட்டிலும் கடிகாரத்தைக் கால் மணி முன்னால் வைத்திருப்போம். மணி கேட்டால், "வீட்டு மணியா, ஆபீஸ் மணியா?" என்று திருப்பிக் கேட்போம். பெரட்டு எனக்கு முடிந்து எத்தனையோ வருஷம். சுவரில் இருப்பதும் கையில் கட்டியிருப்பதும் இன்றைக்கும் கால் மணி முன்னால்தான் ஓடுகின்றன. பார்த்தவுடன் மனசு கால் மணியைக் கழித்துவிடும். கழிக்கிறோம் என்றே தெரியாது.

எங்கள் தோட்டத்து எல்லையில் ஒரு குட்டை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஈயம் எடுத்த பள்ளம். இறங்கி இரண்டடி வைத்தால் அப்படியே கீழே போய்விடும். நாற்பது அடி ஆழம் என்று மகள் சொன்னதாக ஞாபகம். தண்ணீர் மேலே பச்சையாகவும், கையில் அள்ளினால் டீ போலவும் இருக்கும். பிள்ளைகளை நாங்கள் அந்தப் பக்கம் விட்டதில்லை. ஒரு ஓரத்தில் தோட்டத்துப் பம்புக் கொட்டகை. அங்கே மேற்பார்வைக்குப் பம்பு மண்டோரும் இரண்டு வங்காளதேசத்து ஆட்களும் இருப்பார்கள். சம்பான் என்கிற சின்னப் படகு ஒன்றும் கட்டியிருக்கும், குழாய் வாயில் குப்பை சேர்ந்தால் போய் எடுப்பதற்கு.

கடல் தெளிவாக இருக்கும் நாளில் எல்லாக் கடிகாரமும் நல்ல கடிகாரம்தான், கலங்கலில்தான் அதன் குணம் தெரியும் என்று சொல்லி என் மகள் அந்தக் குட்டையைத் தேர்ந்தெடுத்தாள். கூட முழுக ஒரு மலாய்ப் பெண் வருவாள், ரெம்பாவில் பள்ளி ஆசிரியை. ஒருத்திக்கு ஒருத்தி துணை இல்லாமல் முழுகக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். கரையில் இருக்க ஒரு ஆள் வேண்டும் என்று மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"நான் பயந்தாங்கொள்ளி பிள்ள. என்னை விட்டுடு."

"அதனாலதான் நீ வேணும். பயம் இல்லாதவங்களோட நான் முழுகவும் மாட்டேன், அவங்கள கரையில நிக்கவும் விட மாட்டேன். பயந்த ஆளு கண்ண எடுக்காதும்மா."

அந்த மலாய்ப் பெண்ணும், "மக்சிக் தாக்குத் தானே? பாகுஸ்லா" என்றாள். அத்தைக்குப் பயமா, நல்லது என்று அர்த்தம். என் வாழ்நாளில் பயத்துக்காக என்னை ஒருவர் மெச்சியது அன்றைக்குத்தான்.

அந்த முதல் நாள் நடந்ததைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நாற்பது நிமிஷம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் இறங்கினார்கள். அவர்கள் போகும் இடம் தெரிய, கயிற்றில் கட்டின சிவப்பு மிதவை ஒன்று மேலே கூடவே நகரும். பக்கத்தில் குமிழி குமிழியாக மூச்சு வரும். நான் மிதவையையும் என் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன். மகள் தன் கடிகாரத்தைப் பார்த்து, இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லியிருந்தாள். நான் என் கையில் அந்த மணியைப் பார்த்தேன். கழிக்க மறந்துவிட்டேன். அன்றைக்குப் பயம் அவ்வளவு இருந்தது. மணி தாண்டிவிட்டது, பிள்ளை வரவில்லை என்று பம்புக் கொட்டகைக்கு ஓடினேன். சத்தம் போட்டது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. மண்டோர் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார். ஒரு வங்காளதேசத்துத் தம்பி சட்டையோடு குதித்தேவிட்டான். அந்த நேரம் பார்த்து இரண்டு தலையும் மேலே வந்து, என்ன ஆச்சு என்று எங்களைக் கேட்டன.

அன்றிலிருந்து எனக்குத் தோட்டத்தில் நிம்மதி இல்லை. காய்கறி லாரி வந்தால், "யக்கா, கீரை முங்கிப் போச்சு, ஆள் அனுப்பவா?" என்பார்கள். கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது பம்பு மண்டோர் பின்னால் நின்று, "பாத்துக்கா, ஆழமா இருக்கப் போவுது" என்றார். நல்ல மனிதர்தான். சிரிப்பதற்காகச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் சபையில் என் பேர் அடிபட்டாலே எனக்கு உடம்பு கூசும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பெரட்டில் பேர் எழுதும் கிராணி என் பேரைக் கூப்பிட்டால்கூட வாயில் சத்தம் வராமல் கையைத்தான் தூக்குவேன்.

மகள் சிரிக்கவில்லை. "நீ ஓடினதுதான் சரி. கால் மணி முன்னால ஓடினது தப்பே இல்ல. பின்னால ஓடினாத்தான் தப்பு" என்றாள். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும். ஆனால் நான் மனசுக்குள் முடிவு செய்துகொண்டது வேறு. இனிமேல் கழிக்காமல் ஓடக் கூடாது. எந்த மணியைப் பார்த்தாலும் முதலில் கால் மணியைக் கழி, பிறகு பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி வைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை அவள் வந்தாள். ஒரே மாதிரி இரண்டு புதுக் கடிகாரங்கள் கொண்டுவந்தாள். ஒன்று தண்ணீருக்குள் போகும், ஒன்று கரையில் இருக்கும், வெளியே வந்தபின் இரண்டும் நொடி பிசகாமல் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். ஒன்றைக் கையில் கட்டியிருந்தாள். மற்றதை ஷோகேஸ் மேல் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் பார்த்தேன். அது சுவர் மணியைவிடக் கால் மணி பின்னால் இருந்தது. எடுத்துத் திருகைத் திறந்து, சுவர் மணிக்குச் சரியாக வைத்து, மூடி வைத்துவிட்டேன். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. வீட்டுக்குள் வந்த கடிகாரத்தை அப்படித்தான் வைப்போம்.

காலையில் அவள் கண்டுபிடித்தாள்.

"யாரும்மா இத முன்னால வச்சது?"

"நாந்தான். பின்னால ஓடுச்சு."

"அது பின்னால ஓடலம்மா, நம்ம வீடுதான் முன்னால ஓடுது" என்று தலையில் அடித்துக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்து நொடிக்கு நொடி சரிசெய்து, என் கையைப் பிடித்துக் கட்டிவிட்டாள். "இது ஆபீஸ் மணி. சரியா? கழிக்காத. இதுல என்ன காட்டுதோ அதான்." நான் தலையாட்டினேன். அவள் சொன்னதும் நான் கேட்டதும் இப்போதும் காதில் இருக்கிறது.

அன்றைக்கு ரெம்பாவ் பெண்ணுக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கடிகாரத்தைத் திங்கள்கிழமை திருப்பித் தர வேண்டும் என்றாள். "எத்தன தடவ முங்கியாச்சு. இந்தக் குட்ட எனக்கு நம்ம குளியலறை மாதிரி." வழக்கமாகத் தண்ணீரில் இறங்குமுன் அவள் முகம் சுருங்கியிருக்கும், ஒவ்வொரு வாரையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். அவளுக்குப் பயம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. ரப்பர் சட்டையின் முதுகு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

"இப்ப பத்தே கால். பத்து அம்பத்தஞ்சுக்கு மேல வந்துருவேன். பதினொன்னு ஆச்சு, நான் வரலன்னா, நேரா பம்புக் கொட்டகைக்குப் போ. சம்பான எடுத்துட்டு வந்து மிதவைக் கயித்த ரெண்டு பேரா இழுக்கச் சொல்லு. நீ வேற ஒன்னும் யோசிக்க வேணாம்."

"சரி."

"பதினொன்னு."

"பதினொன்னு" என்றேன்.

முதலில் மிதவை வளைந்து வளைந்து போனது. நான் புல்லில் பழைய உரச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். ஒரு உடும்பு கரையோரம் நீந்திப் போனது. அது போன இடத்தில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, பிறகு மூடிக்கொண்டதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பத்தே முக்கால் வாக்கில் மிதவை நின்றது. நின்றால் அவள் ஏதோ எழுதுகிறாள் என்று அர்த்தம், முன்னேயும் அப்படி நின்றிருக்கிறது. ஆனால் இந்தத் தடவை நகரவில்லை. குமிழி வந்துகொண்டிருந்தது, ஒரே இடத்தில். நான் எழுந்து நின்றேன். ஏதோ சரியில்லை என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

மணி பார்த்தேன். பத்து ஐம்பத்தைந்து. குமிழி அதே இடம். மறுபடியும் பார்த்தேன். பதினொன்று. மனசு தானாகக் கழித்தது. பத்தே முக்கால்தான், இன்னும் நேரம் இருக்கிறது என்றது. எனக்கு மூச்சு வந்தது. உட்காரக்கூடச் செய்தேன்.

இதுவரைக்கும் எழுதியது என் மகளுக்கும் தெரியும். இனிமேல் எழுதுவது தெரியாது.

ஐந்து நிமிஷம் இருக்கும். கடிகாரத்தை மறுபடி பார்க்கும்போது அவள் என் கையைப் பிடித்துக் கட்டிவிட்டது ஞாபகம் வந்தது. கழிக்காத, இதுல என்ன காட்டுதோ அதான். முழுசாக ஞாபகம் வந்தது. பதினொன்று ஐந்து. ஆபீஸ் மணி பதினொன்று ஐந்து. நான் எழுந்து பம்புக் கொட்டகைப் பக்கம் நடந்தேன். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்திருப்பேன். கொட்டகை வாசலில் மண்டோர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கையை வாயருகே குவித்து, "என்னாக்கா, சம்பான அவுக்கவா?" என்று கத்தினார். உள்ளே இருந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் நின்றுவிட்டேன். இல்லை என்று கையாட்டினேன். பிறகு திரும்பி வந்தேன்.

இதை எழுதும்போது பேனா நகரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நான் திரும்பி வந்து அதே சாக்கில் நின்றேன். கால் மணி கழிக்கலாம்தானே, ஒருவேளை அவள் சரியாக வைக்காமல் விட்டிருக்கலாம்தானே என்று எனக்கு நானே சொன்னேன். அது பொய் என்று தெரிந்தே சொன்னேன். குமிழி வருகிறதே, மூச்சு இருக்கிறதே என்றேன். பதினொன்று பத்து. பிள்ளை கீழே இருக்கிறாள், நான் மேலே கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறேன். கூப்பிடப் போனால் சிரிப்பார்கள். மகள் மேலே வந்துவிட்டால் இன்னும் ஒரு வருஷம் சிரிப்பார்கள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கையை மட்டும் தூக்கினேன், பெரட்டில் தூக்குகிற மாதிரி. அவர்கள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

குமிழி குறைந்தது.

பதினொன்று பதினேழுக்கு அவள் மேலே வந்தாள். முதுகில் சிலிண்டர் இல்லை. ஒரு கையில் அதை அதன் வார்களோடு சேர்த்துப் பிடித்து, வாயில் குழாயோடு, பக்கவாட்டில் நீந்தி வந்தாள். காலிலும் தோளிலும் பச்சை நைலான் வலை. யாரோ மீனுக்குப் போட்டு விட்டுப் போனது, கீழே பட்ட மரத்தில் சுற்றிக் கிடந்ததாம். நான் சேலையோடு இடுப்பளவு இறங்கி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்திருந்தோம்.

பிற்பாடுதான் விவரம் சொன்னாள். சிலிண்டர் தலையில் வலை மாட்டிக்கொண்டது. கத்தியை எடுத்தாள், அது கை நழுவிச் சேற்றில் போய்விட்டது. துள்ளினால் இன்னும் இறுகும், காற்றும் தீரும். அதனால் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி அசையாமல் நின்று, மெதுவாக மூச்சுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அம்மா பதினொன்றுக்குப் போவாள், பதினொன்று ஐந்துக்குள் சம்பான் வரும், பத்துக்குள் கயிறு இறுகும் என்று. பத்துவரைக்கும் பொறுத்திருக்கிறாள். கயிறு இறுகவில்லை. பிறகுதான் இருட்டில் எல்லா வாரையும் கழற்றிச் சிலிண்டரை உடம்பைவிட்டு எடுத்து, தடவித் தடவி வலையை விடுவித்திருக்கிறாள். அது கடைசிக்குச் செய்வது. குழாய் வாயிலிருந்து நழுவினால் அவ்வளவுதான்.

அன்றைக்குக் கரையில் அவள் முதலில் கேட்டது, "மணி என்னம்மா?" என்று. நான் கையை நீட்டினேன். அவள் தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு நொடி முள்ளும் ஒன்றாக ஓடின. "வாட்ச்சு நல்ல வாட்ச்சு" என்றாள். உதடு நீலமாக இருந்தது. பிறகு, தணிந்த குரலில், "நீ போகலியாம்மா?" என்றாள்.

"கால் மணி கழிச்சிட்டேன் பிள்ள."

"காலையிலதானே சொன்னேன்."

"மறந்துட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவள் என் தலையைத் தன் ஈரத் தோளில் சாய்த்துக்கொண்டு, "பரவால்லலா, வயசாவுதுல்ல. தொண இல்லாம எறங்கினது என் தப்பு" என்றாள்.

மறந்துட்டேன் என்ற அந்த ஒரு சொல் பிறகு தன் வேலையைச் செய்தது. அம்மாவுக்குக் காலையில் சொன்னது முற்பகலுக்குள் மறந்துபோகிறது என்று அவள் ரெம்பாவ் பெண்ணிடம் சொன்னாள். இரண்டு பேரும் கலந்து பேசி என்னை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். ஞாபகசக்தி பார்க்கும் நர்ஸ் அன்பானவர். மூன்று சொல்லைச் சொல்லி மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு, அதற்குள் எண்களை எழுதி, முள்ளைப் பதினொன்று பத்துக்கு வையுங்கள் மக்சிக் என்றார்.

எல்லாரிடமும் அந்த மணியைத்தான் கேட்பார்களாம். எனக்கு அது தெரியாது. குட்டைக் கரையில் நான் நின்றதை யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எண்கள் எல்லாம் ஒரு பக்கமாகப் போய் விழுந்தன. முள்ளை எங்கே வைத்தேனோ தெரியாது. மூன்று சொல்லையும் கேட்டார். அவருக்குப் பின்னால் என் மகள் நின்று எனக்காக வாயசைக்கப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நர்ஸ் என் முதுகைத் தடவிக்கொடுத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள், தனியாக விடாதீர்கள் என்று அவளிடம் சொன்னார்.

இப்போது அவள் ஒவ்வொரு சனி ஞாயிறும் என்னோடுதான் இருக்கிறாள். அடுப்பில் ஒரு காகிதம், கதவில் ஒரு காகிதம், மாத்திரை டப்பியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள். ரஹாங்கில் இரண்டு அறை வீடு பார்க்கிறாள், என்னைக் கூட்டிப்போக. முழுகுவதை நிறுத்திவிட்டாள். நான் ஒரு தடவை, "ரெம்பாவ்காரி கூடப் போயிட்டு வாயேன், நான் இருந்துப்பேன்" என்றேன். "யாரு, நீயா?" என்று சிரித்துவிட்டு என் தட்டில் மீனை எடுத்து வைத்தாள். சிலிண்டர், ரப்பர் சட்டை எல்லாவற்றையும் வாங்க லுக்குட்டிலிருந்து ஒரு ஆள் இந்த மாதக் கடைசியில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவள் ரப்பர் சட்டையைக் கழுவி, பவுடர் தூவி, கொடியில் போட்டிருக்கிறாள். காற்றில் அது கை கால் அசைத்துக்கொண்டிருக்கிறது. நான் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

பயத்தை அவளுக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பயம் வந்தால் நில், மூச்சு விடு, பிறகு செய்ய வேண்டியதைச் செய். அவள் கீழே அப்படித்தான் செய்தாள். எனக்கு வந்ததும் நல்ல பயம்தான், சரியான நேரத்துக்கு வந்தது. அதன் மேல் இன்னொரு பயத்தைப் போட்டு மூடியது நான். சிரிப்பார்களே என்கிற பயத்துக்கு நில் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்த வயசில் யாரிடம் போய்க் கற்பது?

நேரில் சொல்லிவிடலாம் என்று பல தடவை அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, எதையாச்சும் தேடுறியா?" என்று கேட்கிறாள். எழுந்து போய்விடுகிறேன்.

டீச்சர், இதில் குட்டையின் ஆழம், நிமிஷக் கணக்கு, சிலிண்டரைக் கழற்றின முறை எல்லாம் நான் காதால் கேட்டதுதான், தப்பு இருக்கும். அச்சுக்குக் கொடுக்குமுன் இந்த நோட்டை என் மகளிடம் கொடுத்து, முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, விவரம் சரிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவள் தமிழ் வாசிப்பாள். சிலிண்டரை வாங்க லுக்குட் ஆள் வருமுன் கொடுத்துவிட்டால் நல்லது.